செருப்பைக் கழற்றச் சொன்ன மகனுக்கு

பிள்ளைப்பாக்கம்
12.6.2005

வசந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் நீ சுகமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் உன் நைனா கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், உன்னை ஒரு வார்த்தை கடிந்தால் 'வுடு பாஞ்சாலி, புள்ள தூரமா கீறான்' என்று என் வாயைத்தான் அடைப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று நீ போனில் சொன்னதற்குப் பதில் இது. உன் நைனாவின் கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டேன். என் கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றி ஒரு மணி நேரம் நிற்க வை, போட்டோவில் மாவுக்கட்டு தெரிந்தால் அசிங்கம் என்றாயே, அதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது. தை மாதம் கம்பெனியில் லோடு ஏற்றும் மேடையிலிருந்து குதித்தபோது குதிகாலுக்கு மேலே யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்று அவர் சொன்னது உனக்கும் தெரியும். டாக்டர் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார், பாதம் அசையவே இல்லை, குதிநரம்பு அறுந்துவிட்டது என்றார். இரண்டு வழி சொன்னார். அறுத்துத் தைப்பது ஒன்று, அறுக்காமல் விரல் கீழே பார்க்கிற மாதிரி பாதத்தை வளைத்து மாவுக்கட்டுப் போட்டு, அறுந்த முனைகள் தானாக ஒட்டும்வரை காத்திருப்பது இன்னொன்று. தைத்தால் மறுபடி அறுவது குறைவாம், ஆனால் சுகர்காரருக்குப் புண் ஆறுவது கஷ்டம், சீழ் வைக்கலாம், கட்டுப் போட்டால் அந்தப் பயம் இல்லை, கவனம்தான் வேண்டும் என்றார். நீயும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுக் கட்டே போதும் என்றாய். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், நானும்தான் தலையாட்டினேன்.

கட்டுப் பிரித்த பிறகு குதிகால் உயர்த்திய செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது, வெறுங்காலை ஊன்றினால் ஒட்டின இடம் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், நானும் உனக்கு வரி விடாமல் சொன்னேன். என் வீட்டில் செருப்பு வாசற்படியைத் தாண்டியதே இல்லை. அதையும் விட்டுக்கொடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் செருப்போடு நின்று அவர் விபூதி பூசினார், பார்த்துக்கொண்டு இருந்தேன். எதிர்வீட்டு சரோஜா 'இன்னாக்கா, வூட்டுக்குள்ளயே செருப்பு மாட்டிக்கினு சுத்துறாரு, துரை ஆயிட்டாரா' என்று கேலி பண்ணினாள், அதையும் சிரித்து விட்டேன். நன்றாகத்தான் நடந்து வந்தார். கம்பெனியிலும் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம், வந்து சேருங்கள் என்றார்கள். அப்புறம்தான் நீ நிச்சயதார்த்தத்துக்கு லீவில் வந்தாய். மறைமலை நகரில் சம்பந்தி வீட்டு வாசலில் நான் வேனிலிருந்து தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்காது என்று நினைத்து நீ அவர் பக்கத்தில் போய் 'செருப்ப இங்கியே வுட்டுட்டு வா நைனா, எல்லாரும் பாக்கறாங்க, கொஞ்ச நேரந்தான' என்றாய். கையில் தட்டு, முன்னால் பெண்ணைப் பெற்றவர்கள், நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவர் கழற்றிவிட்டுப் படியேறிவிட்டார். கடைசிப் படியில் முகம் வெளிறிச் சுவரைப் பிடித்தார். தாம்பூலம் மாற்றி, பந்தியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துப் பதில் சொன்னார். திரும்பி வேனில் ஏறும்போதுதான் 'மறுபடியும் அறுந்து பூட்ச்சி பாஞ்சாலி' என்றார். நீ சம்பந்தியிடம் மூட்டுவாதம் என்று கதை விட்டுவிட்டு விமானம் ஏறினாய், போய் இறங்கியதும் போனில் 'அவருதான் ஜாக்கிரதையா இல்ல' என்றாய். இன்னொரு தடவை அந்தப் பேச்சு வந்தால் போனை வைத்துவிடுவேன்.

உன் மாமனார் ரத்தினம் போன ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மூட்டுவாதத்துக்கு ஒரு தைலமும் வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். அவர் தைலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, 'செருப்போட வந்தா நாங்க இன்னா சொல்லிடப் போறோம் சம்பந்தி, சொல்லியிருந்தா வாசல்லயே சேர் போட்டிருப்பமே' என்று உன் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்காக வெட்கப்பட்டாயோ அவர்களுக்கு அந்த வெட்கம் இல்லை, உனக்குத்தான் இருந்தது. இப்போது கட்டுக்கு வழியே இல்லையாம். முனைகள் விலகிப் போயிருக்கின்றன, நாள் தள்ளத் தள்ள இன்னும் சுருண்டு மேலே ஏறும், கால் பெருவிரலை மடக்குகிற நரம்பை எடுத்துக் குதிகாலோடு சேர்த்துத் தைக்க வேண்டும், அப்படியும் பழைய நடை வருமா என்று பிறகுதான் தெரியும் என்கிறார் டாக்டர். எந்தச் சீழுக்குப் பயந்து கத்தி வேண்டாம் என்றோமோ, அதே பயத்தோடு இப்போது கத்திக்குப் போகிறோம். சுகர் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. வியாழக்கிழமை ஆபரேஷன், கையெழுத்துப் போட்டாயிற்று, உன்னைக் கேட்கவில்லை.

சிவப்பி கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. ஏரிப்பக்கத்து நிலத்தைக் கேட்டு புரோக்கர் இரண்டு தடவை வந்துவிட்டான், உன் நைனா எழுந்து நடமாடும்வரை இந்தப் பக்கம் வராதே என்று விரட்டினேன். நீ ஓட்டி, ஓவர்டைம் என்று சொல்லிப் பட்டினி கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை, போட்டோவில் கன்னம் ஒட்டித் தெரிகிறது. தென்றல் நல்ல பெண், வருகிறவளிடமாவது பொய் சொல்லாமல் குடும்பம் நடத்து. வல்லக்கோட்டை முருகன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். உன்மேல் எனக்குக் கோபம்தான், சாபம் இல்லை.

ஆனி முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம், நாங்கள் வருவோம். ஒன்றை மட்டும் மறக்காதே. தாலி எடுப்பதற்கு முன்னால் பெற்றவர்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவிப் பூப்போடச் சொல்வார் ஐயர். உன் நைனாவை மாவுக்கட்டோடு நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து உன் எதிரில் உட்கார வைப்பேன். கட்டு நனையாமல் அந்தக் காலை எப்படிக் கழுவுவது என்று இப்போதே யோசித்து வை.

உன்னைப் பெற்றவள்,
நா. பாஞ்சாலி