கேன்சல் ஆகாத விசா

8 செப்டம்பர் 2024, ஞாயிறு. அல் ஐன், அமீரகம்

நாளைக்கு ஸ்கூலுக்கு மகள் அக்ஸாவின் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் புருஷன் பிரைட் வந்து, அந்த யூனிபார்ம் மேலேயே ஒரு பேப்பரை வைத்தான். (வந்தார், வைத்தார் எல்லாம் இந்த நோட்டில் இனி கிடையாது.)

"நான் லிஸ்பனுக்குப் போறேன். டிவோர்ஸை அப்புறம் பாக்கலாம். முதல்ல உனக்க விசாவைக் கேன்சல் பண்ணணும், சைன் போட்டுட்டு ஊருக்குப் போ. அக்ஸா எனக்க கூட வரட்டும். எனக்கு மாதிரி அவளுக்கும் போர்ச்சுக்கல் பாஸ்போர்ட்தானே."

பத்து வருஷமாக எனக்கும் போர்ச்சுக்கல் கார்டு வாங்கித் தருகிறேன் என்று சொன்ன வாய் இது. அதை நம்பித்தான் நர்ஸ் வேலையை விட்டேன். லைசென்ஸும் காலாவதியாகிப் போனது. எவ்வளவு பெரிய மடச்சி நான்.

9 செப்டம்பர்

சைன் போட்டு அவன் மூஞ்சியில் எறிந்துவிடலாம் என்று இருக்கிறது. இவன் விசாவில் இன்னும் ஒரு நாள் இருப்பதா? நானா?

10 செப்டம்பர்

பேப்பரை எடுத்துக்கொண்டு டைப்பிங் சென்டருக்குப் போனேன். எங்கள் விசா பேப்பரெல்லாம் அடித்துக் கொடுப்பவர் கலீலுர் ரஹ்மான் பாய், காயல்பட்டினத்துக்காரர். சைன் எங்கே போடணும் என்று கேட்டேன். அவர் பேப்பரைப் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"ரோசத்தை இங்க காட்டாதீங்கம்மா. விசா உயிரோட இருக்கும்போது டிவோர்ஸ் ஆச்சுன்னா, நீங்களும் பிள்ளையும் விசா எடுத்துத் தர ஸ்பான்சர் இல்லாமலே ஒரு வருஷம் இருக்கலாம். முதல்ல கேன்சல் ஆயிட்டா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. அவர் முந்துறதுக்குள்ள நீங்க கேஸ் போடுங்க."

நானா கேஸ் போடுவது? எங்கள் ஊர்க் கடற்கரையில் பொம்பளை முந்திக்கொண்டு டிவோர்ஸ் கேட்டால், தப்பு அவள் மேல்தான் என்று ஊரே பேசும். ஆனால் அக்ஸா —

11 செப்டம்பர்

கேஸ் போட்டுவிட்டேன்.

15 செப்டம்பர்

ஊரிலிருந்து அப்பா போன். சேதி அதற்குள் பங்கு ஃபாதர் வரை போயாச்சாம். "நீயா மக்களே கேட்டே?" ஆமாம் என்றேன். "அப்போ சரி. தலையைக் குனியாதே" என்றார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

17 அக்டோபர்

தீர்ப்பு வந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அக்ஸா என்னோடு; லீவுக்கு அவனிடம் போய் வரலாம். வெளியே வந்ததும் கேட்டான்: "ஒரு வருஷம் முடிஞ்சா என்ன செய்வே?" நான் டாக்சிக்குக் கை காட்டினேன்.

3 பிப்ரவரி 2025

நர்சிங் லைசென்ஸ் பரீட்சையில் ஃபெயில். மருந்து அளவுக் கணக்கில் கோட்டை விட்டேன். "இட்ஸ் ஓகே மம்மா" என்கிறாள் அக்ஸா. ஓகே எல்லாம் இல்லை. எட்டு மாசம்தான் பாக்கி.

28 ஏப்ரல்

பாஸ்! பாஸ்! தேவகனி பாஸ்!

முதலில் கலீல் பாயிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். டீ வரவழைத்தார். அவருடைய டீயையும் நானே குடித்துவிட்டேன்.

1 ஜூலை

கிளினிக்கில் முதல் டூட்டி. விசா அவர்களே எடுத்துத் தருகிறார்கள். நர்ஸ் யூனிபார்ம் இடுப்பில் பிடிக்கிறது. பிடித்தால் பிடிக்கட்டும். கண்ணாடி முன்னால் நாலு தரம் போய் நின்றேன்.

14 செப்டம்பர்

இன்றைக்கு அக்ஸாவின் விசா. கலீல் பாய் ஃபார்ம் அடித்தார். பிள்ளை: அக்ஸா, போர்ச்சுக்கல். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் என்னிடம் கேட்கக்கூட இல்லை, அவரே அடித்தார். ஸ்பான்சர்: தேவகனி யேசுதாசன், இந்தியா.

அந்தப் பேப்பரை நான் மூன்று முறை படித்தேன். அக்ஸாவும் எட்டிப் பார்த்தாள்.

"மம்மா, இனிமே நான் உன் விசாலயா இருக்கேன்?"

"ஆமா மக்களே. ஹோம்வொர்க் ஒழுங்கா எழுதல்லேன்னா கேன்சல் பண்ணிருவேன்."