பதினாறு வயதில் வாங்கிய வாக்கு

இன்று காலை கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது நீ மறுபடியும் என் கைப்பேசிக்கு வந்தாய். பெட்டாலிங் நிலையத்தைத் தாண்டியிருக்கும். கிள்ளான் ஹாக்கி ரசிகர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்தப் பழைய வீடியோவைப் போட்டிருந்தார்கள். உனக்குப் பதினாறு வயது. கழுத்தில் சம்பங்கி மாலை, தோளில் பொன்னாடை, எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை. ஒரு கை உன் வாய்க்கு நேராக மைக்கை நீட்டுகிறது. "சொல்லுமா, ஒலிம்பிக்ல ஆடுவேன்னு சொல்லுமா!" நீ உன் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறாய். மண்டபமே கைதட்டுகிறது.

வீடியோவின் கீழே அழுகிற முகங்கள், கூப்பிய கைகள், ஓராண்டு நினைவஞ்சலி. நல்ல கூத்து. இதே வீடியோவை இதே ஆட்கள் வாரத்துக்கொரு முறை போட்டு, கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்களை அடுக்கிய காலம் உண்டு. அது உனக்கும் தெரியும். கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் நான் அந்தக் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டேன். இந்நேரம் எனக்குத் திமிர் என்று பேசிக்கொண்டிருப்பார்கள், பேசட்டும்.

அந்தப் பாராட்டு விழா நினைவிருக்கிறதா? நீ இளையோர் அணிக்குத் தேர்வாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு பயிற்சிக்குப் போனதில்லை, அந்தச் சட்டையைப் போட்டு ஒரு ஆட்டம் ஆடியதில்லை. அதற்குள் நம் குடியிருப்பின் தாமான் மண்டபத்தில் நாற்காலி போட்டு, கேட்டரிங் சொல்லி, உன் முகத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் கட்டிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய அவசரம் இது. சாதித்தவர்களுக்கு விழா எடுக்க நாள் ஆகும். தேர்வானவர்களுக்கு உடனே எடுத்துவிடலாம். வந்தவர்கள் எல்லாரும் உன்னோடு படம் பிடித்துக்கொண்டார்கள். சாம்பார் நன்றாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

மைக்கைப் பிடித்திருந்தவர் விழா எடுத்த நம் ஊர்த் தமிழர் சங்கத்தின் செயலாளர் அங்கிள். மலேசியத் தேசிய அணியில் நம் தமிழ் முகங்கள் குறைந்துகொண்டே போகின்றன என்று அவர் பேசினார். அது உண்மைதான். அந்தக் குறையையெல்லாம் தீர்க்க ஒரு பிள்ளை வந்துவிட்டாள் என்றும் பேசினார். காலியாகக் கிடக்கும் அத்தனை இடத்தையும் நிரப்பும் வேலையை, அடுத்த நாள் கணக்குப் பரீட்சைக்குப் படிக்காமல் வந்திருந்த உன் தலையில் கட்டினார்கள். நீ திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடி இது, பயமா இருக்கு லா," என்றாய். அப்புறம் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றாய்.

அந்தத் தேர்வில் நானும் இருந்தேன் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாற்று ஆட்டக்காரி, கடைசிப் பெயர். செயலாளர் என்னைக் குறிப்பிட்டபோது, "கூடவே இன்னொரு பொண்ணும் போவுது," என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வலித்தது. அது எவ்வளவு பெரிய வரம் என்று பின்னால்தான் புரிந்தது.

பதினாறு வயதில் நீ எல்லாரையும்விட அரை அடி உயரம். வலது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் உன்னைப் பிடிக்க ஆள் கிடையாது. மற்றவர்களுக்கு உடம்பு இன்னும் வளரவில்லை, உனக்கு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அதன் ரகசியம். பதினெட்டு வயதில் எல்லாரும் உன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள், உன் வேகத்துக்கும் வந்துவிட்டார்கள். நம் கோச் பதறவில்லை. உனக்கு ஆட்டத்தைப் பார்க்கும் கண் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்து, உன்னைத் தாக்கும் வரிசையிலிருந்து எடுத்துப் பின்னால் தற்காப்பில் நிறுத்தினார். புது இடம் பழக இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை நிறையத் தப்பு செய்வாய், செய்துகொண்டே இரு என்று நம் இருவர் முன்னாலேயே சொன்னார்.

கோச் சொன்னது உனக்கும் எனக்கும் கேட்டது. திடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்கவும் இல்லை, கேட்டாலும் அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஒலிம்பிக்கில் கோல் அடிப்பாள் என்று நினைத்த பெண் பின்னால் போய் நிற்கிறாளே என்றுதான் பார்த்தார்கள். செயலாளர் அங்கிள் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் குரூப்பில் குரல் பதிவு போடுவார். உன் தலைக்கனம், உன் எடை, நீ இடைவேளையில் சிரித்தது, எல்லாம் அதில் வரும். ஜெயித்த நாளில் "நம்ம பொண்ணு" என்றவர்கள், தோற்க ஆரம்பித்ததும் "கிள்ளான் பொண்ணு" என்றார்கள். கொஞ்ச நாளில் "அந்தப் பொண்ணு" ஆகிவிட்டாய்.

பாண்டமாரான் திடலில் நடந்த அந்த அரையிறுதியில்தான் பெயரே மாறியது. எதிரணிக்காரி அடித்த பந்து உன் ஸ்டிக்குக்கு அடியில் புகுந்து கோலுக்குள் போனது. தற்காப்பில் நிற்கப் பழகுகிற எல்லாருக்கும் நடப்பதுதான். கூரைக்கடியில் இருந்து ஒரு குரல், "ஏய் ஒலிம்பிக்! பிளேன் கெளம்பிருச்சு, ஓடு!" என்றது. சிரிப்பு. அடுத்த பந்து உன்னிடம் வந்ததும் பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள், "ஒலிம்பிக்! ஒலிம்பிக்!" அன்றோடு உன் அப்பா அம்மா வைத்த பெயர் போயிற்று. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை வாங்கப் போனாலும், "ஒலிம்பிக் வந்துருக்கு, சூடா போட்டுக் குடு," என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் சிரித்தாய்? அந்த வடைக்காரரிடம், "ஆமா அண்ணே, நாளைக்கு பிளைட்டு," என்றாய். திடலில் கத்தியவர்களைப் பார்த்துக் கையாட்டினாய். நான் சண்டைக்குப் போனால் என் கையைப் பிடித்து இழுத்தாய். "விடுடி, அவங்களுக்கும் ஆசைதானே, ஏமாந்துட்டாங்க," என்பாய். ஏமாந்தார்களாம்! நீ என்ன அவர்களிடம் கடன் வாங்கினாயா? அவர்களே உன் வாயில் திணித்த வார்த்தை அது. அதைக் காப்பாற்றவில்லை என்று அவர்களே உன்னைக் கேட்டார்கள். நீயோ அதற்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரியே அலைந்தாய்.

உன் அப்பா அந்த அரையிறுதிக்குப் பிறகு உள்ளே வந்து உட்காரவில்லை. லோரியைத் திடல் வேலியோரம் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, உள்ளேயே இருப்பார். ஆட்டம் முடிந்ததும் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். "எப்படிமா ஆடுனா?" நல்லா ஆடுனா அங்கிள் என்பேன். "கத்துனாங்களா?" என்பார். நான் ஸ்டிக்கைப் பையில் போட ஆரம்பிப்பேன்.

நீ ஆட்டத்தை விட்டதும் அவருக்காகத்தான். சாப்பாட்டுக் கடையில் அவர் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, செயலாளரும் இரண்டு பேரும் வந்து, "என்ன மாமா, பொண்ணுக்கு டிக்கெட் போட்டாச்சா? எங்களுக்கும் ரெண்டு சீட்டு பாருங்க," என்றார்களாம். அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் நீ கோச்சைக் கூப்பிட்டு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். ஓடி வந்தேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். "அவரு டீகூடக் குடிக்க முடியல டி," என்றாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

என் கதையைப் பார். பதினெட்டு வயதில் நான் உன்னைவிட மோசம். நீ விட்ட அதே மாதிரிப் பந்தை நான் மூன்று ஆட்டத்தில் விட்டிருக்கிறேன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. என் பெயரே தெரியாதபோது எதைச் சொல்லிக் கத்துவார்கள்? என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காததால் எனக்குத் தப்பு செய்ய நேரம் கிடைத்தது. இருபத்து நாலு வயதில் ஒருநாள் தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. என்னிடம் அபூர்வத் திறமை ஒன்றும் இல்லை. நின்றேன், வளர்ந்தேன், அவ்வளவுதான். உனக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

அழைப்பு வந்த வாரமே செயலாளர் அங்கிள் போன் செய்தார். தாமான் மண்டபத்தைப் பேசிவிட்டாராம், மாலை சொல்லிவிட்டாராம். வேண்டாம் என்றேன். "ஏம்மா, சமுதாயம் ஒன்ன பாராட்ட வேணாமா?" என்றார். ஒருமுறை பாராட்டியதே போதும் அங்கிள் என்று வைத்துவிட்டேன். எனக்குத் தலைக்கனம் என்று குரல் பதிவு வந்தது. அதை உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அந்த இருமல் அன்றைக்கு நம் இருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் உன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்த அன்று செயலாளர் வந்தார். உண்மையாகவே அழுதார். அவர் நடிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "என்னா டேலண்ட்டு லா அந்தப் பிள்ள. ரெண்டு வருசம் பொறுத்திருந்தா எங்கியோ போயிருக்கும். பொறுமை இல்லாம விட்டுட்டு வந்துருச்சு."

பொறுமை இல்லையாம், உனக்கு.

எழவு வீட்டில் சண்டை போடக் கூடாது. உன் அப்பா நாலடி தள்ளி நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து பின்பக்கம் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உள்ளே ஏற்கெனவே ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தேன், அதன்மேல் இதையும் வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

அது ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கேட்டது. மத்தியானப் பார்வை நேரம், உன் அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். ஆட்டத்தைப் பற்றி அத்தனை வருடம் நாம் பேசியதே இல்லை. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற குரலில் கேட்டாய்: "நான் நல்லாத்தானே வந்துகிட்டு இருந்தேன்? இல்ல, அவங்க சொன்னதுதான் சரியா?"

நீ சிரித்த ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் இந்தக் கேள்வி கிடந்திருக்கிறது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கடைசியாக ஆடிய ஆட்டத்தைச் சொன்னேன். ஒன்றுக்கும் உதவாத ஒரு லீக் ஆட்டம், வேலை நாள், மழை. பார்க்க ஆளே இல்லை. திடல் பார்த்துக்கொள்கிறவர் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே குந்தியிருந்தார். எதிரணியின் நடு ஆட்டக்காரி, நல்ல கெட்டிக்காரி, திரும்பத் திரும்ப உன் பக்கமாகவே பந்தை அனுப்பிப் பார்த்தாள். அவள் எங்கே அனுப்பப் போகிறாள் என்று அவளுக்கே தெரியும் முன்னால் நீ அங்கே நின்றாய். ஓடவில்லை, விழவில்லை, மூச்சு வாங்கவில்லை. தெருமுனையில் நின்று தெரிந்தவரிடம் பையை வாங்கிக்கொள்வதுபோல் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கிக்கொண்டாய். கோச் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு, நான் எவ்வளவு ஆடினாலும் இது எனக்கு வராது என்று அப்போதே தெரிந்தது.

"நெஜமாவா? நீ பாத்தியா?" என்றாய்.

"பாத்தேன்டி."

"சும்மா எனக்காகச் சொல்லாத."

"ஒனக்காக நான் என்னைக்குப் பொய் சொல்லிருக்கேன்?"

"இன்னொரு தடவ சொல்லு," என்றாய். சொன்னேன். அடுத்த நாள் வந்தபோதும் கேட்டாய், அதற்கு அடுத்த நாளும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டாய். நடுவில் நான் எதையாவது விட்டுவிட்டால் மட்டும் விரலை அசைத்தாய்.

அப்படி ஆடியவள் நீ. நன்றாக ஆடினோமா என்பதை இன்னொருத்தி வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உன்னால் சாக முடிந்தது. நீ இருந்தால் விடுடி என்பாய். நான் விடப் போவதில்லை.