வலது செருப்பு வெள்ளைக் கோபுரத்தில்

ஸ்ரீரங்கம்
1946, ஐப்பசி

சௌபாக்கியவதி வைஜயந்திக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ரங்கநாதன் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பட்டணத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுது. ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுச் செங்கமலத்தோடு திருச்சிக்குப் போய் நீ கதை எழுதின டாக்கியைப் பார்த்தேன், திரையில் உன் பெயர் வந்ததும் என்னையறியாமல் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். மறைக்காதீங்க மாமி, உட்காருங்க என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். செங்கமலம் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அதிலிருந்து வீதியில் எல்லோருக்கும் பத்திரிகையில் வாராவாரம் வருகிற உன் நாவல்தான் பேச்சு. உனக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று ஒருத்தி, அடுத்த அத்தியாயம் எப்போ வரும் என்று அவளே. செங்கமலம் தினம் வந்து, உங்க பொண்ணு எழுதிடப்போறா, அவகிட்ட சொல்லிடாதீங்கோ மாமி என்று சொல்லிக்கொண்டே தன் மாமியார் கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் போகிறாள்.

நீ அனுப்பின பத்திரிகை விமர்சனத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த அம்மாள் சிரிக்க வைக்கிறாள், ஆழம் இல்லை, பெற்ற தகப்பனாரையே பரிகாசம் செய்கிறாள் என்கிறாரே, ஆழம் என்பது என்னடி? அழ வைத்தால்தான் வருமா? அந்த மனுஷருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, விசாரித்து எழுது.

அப்பா மனசு நொந்திருந்தால் செருப்புக் கட்டுரையை அச்சுக்குப் போகிற புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன், இனிமேல் எழுதவும் மாட்டேன் என்கிறாய். திருடன் ஜோடியாக எடுக்க முடியாதபடி ஒரு செருப்பை வெள்ளைக் கோபுர வாசலிலும் மற்றதை ரங்கா ரங்கா கோபுர வாசலிலும் விட்டுவிட்டுப் பெருமாள் சேவிக்கிறவர் அவர்தான் என்று ஊருக்கே தெரியும், நீ எழுதியா தெரியவேண்டும்? கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் படித்தார். வெள்ளைக் கோபுரத்தில் விடுவது வலது செருப்பு, இவள் இடதுன்னு எழுதியிருக்கா என்றார். திருத்தச் சொல்கிறாரா, எடுக்கச் சொல்கிறாரா, முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டாக்கியிலும் அது வருகிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார்.

எதற்கும் அவசரப்பட்டு எடுத்துவிடாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், ராக்கண் விழித்து எழுதாதே. தீர்க்க சுமங்கலியாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா வேதவதி

கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்னொன்று. நேற்று அப்பா தாமாகவே என்னை டாக்கிக்கு அழைத்துப்போனார். செருப்புக் காட்சி வந்தபோது சிரித்த சிரிப்பில் அவருடைய மேல்வரிசைப் பல்செட் முன்பெஞ்சில் இருந்தவர் மடியில் போய் விழுந்தது. அந்த முன்பெஞ்சுக்காரர் பெயர் பிலோமின்ராஜ், ரயில்வேயில் கார்டாம். துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.