ஆபீஸ் வேலை என்று நான் சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். அப்பாவுக்கு வலது தோள் இன்னும் முழுதாக மேலே எழும்பவில்லை, கூரைக்குப் பெயிண்ட் அடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கதவு ஜன்னல் வேலைக்கு மட்டும் போகிறார், போகிற வீட்டிலெல்லாம் நின்று கதை பேசி ஒரு நாள் வேலையை இரண்டு நாளாக்கிவிட்டு வருகிறார். தம்பியை வேன் கம்பெனியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள், அன்றிலிருந்து அவனுக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே விடும்மா என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். எழுதினால் நான் முடித்துத்தான் ஆக வேண்டும். உனக்கு ஒரு தப்பு செய்திருக்கிறேன் கண்ணு, அதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது.

நம் கட்டடத் தொழிலாளர் சங்கம் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கப்போகிறது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த துணிக் கிடங்கைக் குடியிருப்போர் சங்கத்தார் பேசி வாங்கிக் கொடுத்தார்கள், நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சுண்ணாம்பு அடித்தார்கள், கட்டடக் கம்பெனிக்காரர்கள் மீந்துபோன குழாய், ஒயர், டைல்ஸ் எல்லாம் இறக்கிவிட்டார்கள். பன்னிரண்டு பெண்களாவது சேர்ந்தால், ஆறு மாதம் கழித்து அவர்களைச் சித்தாளாக இல்லாமல் தொழில் தெரிந்த ஆளாகவே வேலைக்கு எடுப்பதாகக் கம்பெனிக்காரர்கள் எழுதியே கொடுத்தார்கள். அந்த ஒரு காகிதத்துக்காகத் தலைவர் இரண்டு வருடம் செருப்புத் தேய நடந்திருக்கிறார். பெண்கள் பிரிவுச் செயலாளர் என்ற முறையில் பெண்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. எனக்கு அதில் வெறியே இருந்தது என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருடம் சட்டி சுமந்திருக்கிறேன், கடைசி நாள் வரைக்கும் நான் சித்தாள்தான், எனக்குப் பின்னால் வந்த பையன்களெல்லாம் கொத்தனாராகி என்னையே ஏவினார்கள். நம் பெண்களுக்கும் அதே கதி வரக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினேழு பேர் சேர்த்தேன். முதல் பெயர் சுருட்டையுடையது. இஸ்திரி போடுகிற அக்காவின் மூத்த பெண், நீ போகும்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள், தலைமுடியை வைத்தே எல்லாரும் அப்படிக் கூப்பிடுவோம். தெருமுனைக் குழாய் உடைந்து பீய்ச்சியடித்தபோது சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டி நிறுத்தினாள் அந்தப் பெண்.

பெற்றவர்களுக்காகப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் காலையில் ஒரு கூட்டம் வைத்தோம். இருநூறு பேருக்குக் குறையாது. தலைவர் பேசினார், குடியிருப்போர் சங்கத்துத் தபால்கார ஐயா பேசினார், பிறகு நான். நன்றாகத்தான் பேசினேன். கைத்தொழிலில் என்ன கேவலம், நம் பெண்கள் கட்டாத வீடா, அவர்கள் குழாய் மாட்டினால் தண்ணீர் வராதா என்றெல்லாம் கேட்டேன், கை தட்டினார்கள், எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. அப்போது இஸ்திரி அக்கா எழுந்து, சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான், அக்கா உங்க பொண்ணு வெளிநாட்டுல என்ன வேலை பாக்குது என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. என் மகள் பிளம்பர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே இன்னும் முப்பது பேர் சேர்ந்திருப்பார்கள். நான், ஆபீஸ்ல இருக்கா, கம்ப்யூட்டர் வேலை என்றேன். அவள், அப்ப உங்க பொண்ணு ஆபீஸ்ல, எங்க பொண்ணுங்க மட்டும் கக்கூஸ் குழாய்லயா அக்கா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் பின்னால் நாற்காலிகள் வரிசையாக நகர்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இது அன்றைக்கு வாய் தவறி வந்தது இல்லை. நீ குழாய் வேலை படிக்கப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, உனக்கு நினைவிருக்கும், வீட்டுக்குள் பெருமையாகக்கூடப் பேசினேன். நீ புறப்பட்ட மறுநாள் மருந்துக்கடை அம்மா என்ன படிக்கப் போயிருக்கிறாள் என்று கேட்டாள், கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதற்கு அப்புறம் அந்தப் பொய்யைச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாகிவிட்டது. நீ அனுப்பிய இரண்டு போட்டோவில், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறாயே, அதைத்தான் ஊரெல்லாம் காட்டினேன். தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கன்னத்தில் கரியோடு சிரிக்கிறாயே, அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். நாலு வருடமாக அது அங்கேதான் இருந்தது.

அடுத்த புதன்கிழமைக்குள் பதினேழில் பதினோரு பெயர் போய்விட்டது. தலைவர், என்னம்மா ஆச்சு, நீ நல்லாத்தானே பேசுனே என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஜனங்களுக்கு அறிவு பத்தலண்ணே, பொம்பளப் புள்ளைங்கன்னா இன்னும் பழைய மாதிரியே யோசிக்கறாங்க என்றேன். பழியைத் தூக்கி அவர்கள் தலையிலேயே போட்டேன். சுருட்டை தானே வந்து, அத்தை என் பேரை அடிச்சிருங்க என்று சொன்னபோதுகூட நான் பேனாவை எடுத்து அடித்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் எழும்புகிற ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு, அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தலைக்கவசம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். இரண்டாவது மாடிப் படியில் ஏறும்போது மேலேயிருந்து, வாங்க அத்தை, பாத்து வாங்க, படியில தண்ணி கெடக்கு என்று குரல் வந்தது. சுருட்டை. முடியையெல்லாம் துணிக்குள் திணித்துக் கட்டியிருந்தாள், தலையில் கலவைச் சட்டி. என்னடி இங்கே என்றேன். வீட்டுல சும்மா எப்படி இருக்கறது அத்தை, அம்மா பயிற்சி வேண்டாம்னுட்டாங்க, இதுக்குத்தான் உடனே எடுத்தாங்க என்று சாதாரணமாகச் சொன்னாள். விரலிடுக்கெல்லாம் சிமென்ட் அரித்துப் புண்ணாகியிருந்தது, என் கையில் பார்த்திருப்பாயே அந்த மாதிரி. அந்த மாடியில் ஒருவர் குளியலறைக்குக் குழாய் இணைத்துக்கொண்டிருந்தார். அவள் சட்டியை இறக்கவும் மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி, ஏய் என்ன வேடிக்கை, கலவை காயுது என்று கத்தினார். அவள் நகர்ந்தாள். நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்து கீழே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் டீக்கடையில முதல் நாள்லேர்ந்து எம்பொண்ணு பிளம்பர்னுதான் சொல்றேன், ஒருத்தனும் நம்பல, அப்ப நீ கப்பல் கேப்டனான்னு கேக்கறானுங்க என்றார். அப்புறம், நீ சொன்னதை நம்பிட்டு என்னைத்தான் பொய்யன்னு சொல்லிட்டுத் திரியறாங்க என்றார். கதை அளக்கிற அவர் வாய்க்கு வாழ்நாளெல்லாம் நான்தான் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன், கடைசியில் பூட்டு வேண்டியிருந்தது என் வாய்க்கு.

மறுநாள் காலையிலேயே இஸ்திரி வண்டிக்குப் போனேன். அவள் பெட்டியை நிறுத்தவேயில்லை, நான் சொல்லச் சொல்ல ஒரு சட்டையை முடித்து அடுத்ததை எடுத்தாள். எத்தனை வருஷமா என்று கேட்டாள். நாலு என்றேன். எதுக்குக்கா என்றாள்.  என் மகள் கையில் சிமென்ட் படக் கூடாது என்று உன்னைச் சுமந்த வயிற்றோடு சட்டி சுமக்கும்போதே சபதம் போட்டேன், அதனால் இருக்கலாம், அதுவும் ஒரு சாக்காக இருக்கலாம். அவள் சொன்னாள், நான் இஸ்திரி போடுறதை எம்பொண்ணு யார்கிட்டயாவது மறைச்சிருந்தா எனக்கு மனசு விட்டுப்போயிருக்கும், நீங்க பெத்த பொண்ணையே மறைச்சிருக்கீங்க. பிறகு, எங்கிட்ட வந்து சொல்லி என்ன பண்றது, எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் மாத்துங்க என்றாள். 

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றது தலைவருக்குப் பிடிக்கவில்லை. இப்பப் போய் இதைக் கிளறினா சங்கத்து மானம் போயிடும், கம்பெனிக்காரன் சிரிப்பான், அடுத்த வருஷம் வேற மாதிரி பாத்துக்கலாம் என்றார். ஐந்து நிமிஷம் கொடுங்கண்ணே என்று கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை முப்பது பேர்தான் வந்தார்கள், பாதிப் பேர் நாற்காலி அடுக்க வந்தவர்கள். என் பொண்ணு ஆபீஸ்ல இல்ல, பிளம்பர், குழாய் வேலைதான் செய்யுறா, நான் வெக்கப்பட்டு மறைச்சேன் என்று சொன்னேன். கையில் அந்தக் கன்னத்துக் கரி போட்டோ இருந்தது, அதைக் கொடுத்து அனுப்பினேன், ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். கம்பி கட்டுகிறவரின் மனைவி எழுந்து, அப்ப நீங்க சங்கத்துல சொன்ன மத்ததெல்லாம் நெசம்னு எப்படி நம்பறது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், யாராவது ஒருவர் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. தலைவர் குறித்துக்கொண்டார். இப்போது அந்தக் கம்பி கட்டுகிறவரின் மனைவிதான் செயலாளர், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள், காரியம் நடக்கிறது.

பயிற்சிக்கூடம் திறந்தாகிவிட்டது. நின்றுபோனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், ஒன்பது பேரோடு தொடங்கினோம், மீதி மூன்று பேர் ஒரு மாதத்துக்குள் வந்தால் சரி என்று கம்பெனிக்காரர்களிடம் தலைவர் பேசி முடித்தார். இரண்டாம் நாள் சுருட்டை வந்தாள், பத்து ஆயிற்று. அவள் அம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நம் வீட்டுத் துணியை வாங்கிக்கொள்கிறாள், திருப்பித் தருவது தம்பி கையில்தான். நான் காலையில் போய்ப் பூட்டைத் திறந்து கூடத்தைப் பெருக்கி வைக்கிறேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. ஊரிடம் பொய் சொன்னதைவிட எனக்குக் கூசுவது இது. போன வருடம் நீ ஒரு நாள் வேலை நேரத்தில் போன் செய்தாய், எப்போதும் அப்படிச் செய்ய மாட்டாய். முதல் தடவையாக ஒரு மாடி முழுவதும் நீயே குழாய் போட்டு, தண்ணீர் திறந்துவிட்டுச் சோதித்துப் பார்த்ததில் ஒரு மூட்டில்கூடக் கசிவு இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னாய். நான் அப்போது ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் மருந்துக்கடை அம்மா, எதிரே தெருக்காரர்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று நான், சரிம்மா, அந்த ஃபைலை மேனேஜர்கிட்ட குடுத்துட்டியா என்று கேட்டேன்.  எனக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, குடுத்துட்டேம்மா என்றாய். என் பொய்க்கு நீ துணை நின்றாய். அன்றைக்குப் பிறகு நீ வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, மழை பெய்தது, குளிர் குறைந்தது, சாப்பிட்டாயா என்றுதான் பேசுகிறோம். உனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, என்னைக் கேட்கக்கூட இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே சரி என்று சொல்லிவிடுவாய், அதனால் அதைக் கேட்கவில்லை. கூடத்துப் பெண்கள் உன்னோடு ஒரு நாள் போனில் பேச வேண்டும் என்கிறார்கள், நான் வாக்குக் கொடுக்கவில்லை, அது உன் விருப்பம், எனக்காகச் செய்யாதே. எனக்கு வேண்டியது வேறு. அந்த மாடியைப் பற்றி எழுது. எத்தனை அறை, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாய், தண்ணீரைத் திறந்துவிட்டபோது யார் கூட இருந்தார்கள், முதல் மூட்டைத் தொட்டுப் பார்த்துக் கை ஈரமாகாதபோது உனக்கு எப்படி இருந்தது, எல்லாம் எழுது. நீளமாகவே எழுது, படிக்க எனக்கு நேரம் இருக்கிறது, பக்கத்தில் யார் இருந்தாலும் சத்தமாகவே படிப்பேன்.

முட்டி போட்டு வேலை செய்யும்போது முழங்காலுக்கு அடியில் திண்டு வைத்துக்கொள், என் வயதுக்கு வரும்போதுதான் அது தெரியும், மறந்துவிடாதே. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், தம்பியும்தான். உன் கை ஓங்கட்டும், தொட்டது துலங்கட்டும், நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிளம்பர் பெண்ணின் அம்மா