சோய்லா பேசிய செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நார்சிசாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நம் ஊர் லோஹாவில் நானும் அம்மாவும் சுகம், மழை பிடித்துக்கொண்டதால் என் முழங்கால் மட்டும் முனகுகிறது. அங்கே மாட்ரிட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் அங்கே குடிவர வீட்டை விற்பது எதுவரை வந்தது என்று நீ இரண்டு தடவை கேட்டும் நான் பதில் போடவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், உனக்கே புரியும்.

அம்மா ஐந்து மாதமாகச் செவ்வாய் மாலைகளில் தையல் வகுப்பு என்று சொல்லிப் போய்வந்தாள் இல்லையா, முப்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவளுக்கு எதற்கு வகுப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். அன்றைக்கு மருந்துக்கடை அம்பாரோவின் கணவர் என் சலூனுக்குச் சவரத்துக்கு வந்தவர், "இன்னைக்கு உங்க வீட்டம்மா பேசப்போறாங்களே, நீங்க வரலையா?" என்று கேட்டார். உன் அம்மா சோய்லாவாவது பேசுவதாவது என்று சிரித்தேன். நிஜம்தான் என்றார். அம்பாரோ நடத்தும் மேடைப்பேச்சு மன்றத்துக்குத்தான் அவள் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். கடையைச் சாத்திவிட்டுக் கோயில் பள்ளிக்கூடத்து அறைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருபது பேர் இருப்பார்கள். நேரம் பார்க்க ஒருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தார்; சிவப்பு எரிந்தால் பேச்சை முடித்துவிட வேண்டுமாம்.

அம்மா தன் நீலச் சட்டையில் எழுந்து வந்தாள். கையில் தாள்கூட இல்லை. "எங்க வீட்டுல நான் ஆரம்பிக்கிற பேச்சை என் வீட்டுக்காரர்தான் முடிப்பார். நல்ல மனுஷன்தான். ஆனா நான் 'எனக்கு'ன்னு வாயெடுத்தா போதும், 'காப்பிதானே, போட்டுக்கோ'ன்னுடுவார். நான் சொல்ல வந்தது காப்பி இல்லீங்க" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம்தான் காது சுட்டது. அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். பேச்சு நின்றுபோயிற்று. உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தே சொன்னாள்: "மக எங்களை மாட்ரிட்டுக்கே வந்துடச் சொல்றா. இவர் ரெண்டு பேருக்கும் சேர்த்து சரின்னுட்டார். பேரனைப் பாக்க எனக்கு உசிரு துடிக்குது. ஆனா வீட்டை வித்துட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. அங்க நான் இன்னாரோட அம்மா, இன்னாரோட பாட்டி. இங்க நான் சோய்லா." சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

கடைசியில் புதிதாக வந்தவர்கள் ஒரு நிமிடம் பேச வேண்டுமாம். அம்பாரோ என்னை எழுப்பிவிட்டார். நாற்பது வருஷமாக ஊரார் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு ஓயாமல் பேசியவன், "அது வந்து, அது வந்து" என்று நிற்கிறேன். உன் அம்மா எடுத்துக்கொடுப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். கொடுக்கவில்லை. மடியில் கைவைத்து, நானே முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். "நான் இவளைக் கேக்கவே இல்ல, தப்புதான்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில், கோபமா என்று கேட்டாள். பதில் நாக்குநுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வீடு வரைக்கும் அவள்தான் பேசினாள். மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்தாளாம், பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அதனால் மகளே, வீட்டை விற்கப்போவதில்லை, வாங்க வந்தவரிடமும் சொல்லிவிட்டேன். மே மாதம் பேரன் பிறந்தநாளுக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். இது அவள் சொன்ன ஏற்பாடு. உனக்கு ஏமாற்றமாக இருக்கும், அழாதே, அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவசரப்பட்டுச் சரி சொன்னவன் நான்.

குழந்தைக்குச் சளி விடும்வரை தலைமுடியை ஒட்ட வெட்டாதே, மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். கன்னி மரியாள் உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடும்போது நான் எடுத்தால், மறக்காமல் முதலில் அம்மாவிடம் கொடுக்கச் சொல். அவள் போதும் என்கிறவரை வைத்துவிடாதே.

உன் அப்பா,
ஹெரிபெர்த்தோ