நெற்றியில் வழிந்த சிவப்பு

சரோஜினி நகர்,
8.6.1998

சிரஞ்சீவி அர்விந்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே சௌக்கியம், நாக்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். தமிழ் படிக்கத் திணறுவாய் என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், அந்தச் சாக்கில் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

மருந்துக் கம்பெனி வேலைக்காக மத்தியான வெயிலில் டாக்டர் டாக்டராக மோட்டார் சைக்கிளில் அலைகிறேன், ஒண்ணும் ஆகாதும்மா என்று போனில் சொன்னாய். அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போன ஏகாதசியன்று உன் அப்பா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், நாமத்தைத் தீர்க்கமாகச் சாத்திக்கொண்டு, அதன் மேல் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, கரோல் பாகில் பட்டாபி மாமாவைப் பார்க்கத் தன் பழைய வண்டியில் கிளம்பினார். சாயங்காலம் போகலாமே என்றேன், இருபத்தைந்து வருஷமாகப் பார்க்காத டெல்லி வெயிலா என்று என் வாயை அடைத்துவிட்டார்.

திரும்பும்போது அனல் காற்று அடிக்கிற நேரம். தௌலா குவானுக்குச் சற்று முன்னால் தலை சுற்றி, வண்டி இப்படியும் அப்படியும் போயிருக்கிறது. வீடு இதோ வந்துவிட்டது என்று மனுஷர் நிறுத்தவில்லை, வீம்பு. வேர்வையில் நாமத்தின் சிவப்புக் கரைந்து மூக்கு, கன்னம், வெள்ளைச் சட்டை என்று வழிந்திருக்கிறது. இந்த ஏகாதசிக்கு இங்கே வழிப்போக்கர்களுக்குச் சர்பத் கொடுப்பார்களே, அப்படிச் சாலையோரம் பந்தல் போட்டிருந்தவர்கள் அதைப் பார்த்து மண்டை உடைந்த ரத்தம் என்று பதறி ஓடி வந்து வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மர நிழலில் உட்கார்த்தி முகத்தைத் துடைத்தால் காயத்தையே காணோம், உடம்பு மட்டும் கொதிக்கிறது. ஏகாதசி, குடிக்க மாட்டேன் என்றாராம். பகவான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், குடியுங்கள் பாவுஜி என்று ஒரு சர்தார்ஜி ஹிந்தியில் அதட்டி, தலையில் தண்ணீரை விட்டு, சர்பத்தையும் புகட்டி, யாரோ ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு நாள் மோரும் கஞ்சியுமாகப் படுத்திருந்தவர் இன்றுதான் பேப்பர் படிக்கிறார். எதிர் வீட்டுக் காமாக்ஷி கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ரொம்பப் பயந்துவிட்டேன்.

நீ வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துக்கொள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் தண்ணீர் குடி. உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கையில் இருக்கட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொள், கழுத்தில் நனைத்த துண்டைச் சுற்றிக்கொள், ஆனால் முனை பறந்து சக்கரத்தில் மாட்டாமல் சட்டைக்குள் செருகிவிடு. எத்தனை புழுங்கினாலும் ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டாதே. வெயிலில் நின்ற வண்டியின் சீட்டில் அப்படியே உட்கார்ந்து சுட்டுக்கொள்ளாதே, நிழல் பார்த்து வண்டியை நிறுத்து. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், அத்தனையும் சரி என்று தலையாட்டுகிறார், அவர் இப்படி ஒத்துக்கொள்வது எத்தனை அபூர்வம் என்று உனக்கே தெரியும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் ஒரு போன் பண்ணு. ஒன்று மட்டும் மறக்காதே. அப்பா நெற்றியில் சிவப்பு இருந்தது, பார்த்தவர்கள் ஓடி வந்தார்கள். நீ வெறும் நெற்றியோடு போகிறவன், உனக்குத் தலை சுற்றுவது யாருக்கும் தெரியாது. நீயேதான் வண்டியை நிறுத்த வேண்டும், கண்ணா.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்மிணி