வாசலில் ஊற்றிய வெந்நீர்

9 ஜனவரி 1996, எடிசன்

ஊரில் வாசல் தெளிக்கிற பழக்கத்தில், காலையில் படியில் கிடந்த பனிமேல் ஒரு வாளி வெந்நீரை ஊற்றிவிட்டேன். கரைந்த பனி கொஞ்ச நேரத்தில் கண்ணாடியாக உறைந்துவிட்டது. ஆபீஸுக்குக் கிளம்பிய இவர் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார்.

"இந்த ஊர் விண்டர் பத்தி உனக்கென்ன தெரியும்? இனிமே வெளியில கால் வைக்காதே!"

இவருடைய ஜாக்கெட்டையே மாட்டிக்கொண்டு போய், கார் நிற்கும் இடத்திலிருந்து தெருவரை பனியை ஷவலால் வாரித் தள்ளினேன். முடித்து நிமிர்ந்தால், தெருவில் பனி தள்ளும் வண்டி வந்து, தெருப் பனியை ஓரத்துக்கு ஒதுக்கி எங்கள் வழியை மறுபடி அடைத்துவிட்டுப் போனது. ஜன்னலில் இவர் சிரித்தார்.

"போதும், உள்ள வா."

போகவில்லை. அதையும் வாரினேன். இடுப்பு கழன்றுவிட்டது.

ராத்திரி இன்னும் கொட்டுமாம். கொட்டட்டும். ஷவலைக் கட்டிலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். இடிக்கிறது என்றால் இவர் தள்ளிப் படுக்கட்டும்.